மூன்றாவது ஊசி

திருவள்ளூர்
1-2-1966

சிரஞ்சீவி பாஷ்யத்துக்கு,

அக்கா ஹேமாம்புஜம் ஆசி சொல்லி எழுதுவது. எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை. ஞாயிற்றுக்கிழமை நீ பட்டணத்துக்கு ரயிலேறின பிறகு, பல்லக்கைத் தோளில் சுமந்து பெருமாளை ஏளப்பண்ணப் போன உன் அத்திம்பேர் நாலு தெரு சுற்றுவதற்குள் இரண்டு தடவை தடுக்கினார். வலது பாதத்தைத் தூக்க வரவில்லை. இப்போது செருப்பு கழன்று போனால்கூடத் தெரிவதில்லை. உற்சவ சமயத்தில் அவர் இடத்தில் வேறொருவர் தோள் கொடுக்கிறார். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

தன் ஜுரத்துக்கு டிஸ்பென்சரி கம்பவுண்டர் பாக்கியராஜ் கொடுத்த மருந்து கெட்டுப்போனது என்கிறார். முதல் இரண்டு ஊசி பாக்கியராஜ் போட்டது. ஞாயிறு அவர் மாதாகோயிலுக்குப் போய்விடுவதால் மருந்தையும் ஊசியையும் கொடுத்தனுப்பினார். மூன்றாவதை நீ போட்டாய். டாக்டருக்குப் படிக்கிறவன், இது என்ன என்று எழுது.

உன் அக்கா,
ஹேமாம்புஜம்


சென்னை
3-2-1966

அக்காவுக்கு, பாஷ்யம் நமஸ்காரம்.

உன் கடிதம் கிடைத்தது. குதிகாலை ஊன்றிக்கொண்டு முன்பாதத்தைத் தூக்க முடிகிறதா? கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, புறங்காலில் ஒரு துடைப்பக்குச்சியால் தொட்டுப் பார். முழங்காலை நீட்ட முடிகிறதா? பதில் உடனே எழுது. அதுவரை அத்திம்பேர் பாக்கியராஜைப் பற்றி யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம்.

பாஷ்யம்


திருவள்ளூர்
6-2-1966

சிரஞ்சீவி பாஷ்யத்துக்கு,

பாதம் தொங்குகிறது. புறங்காலில் குச்சி பட்டது தெரியவில்லை. முழங்காலை நன்றாக நீட்டுகிறார்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே இவர் பாக்கியராஜ்மேல் மேலதிகாரிகளிடம் மனு எழுதிக் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை விசாரணை. அதுவரை வேலைக்கு வரக்கூடாது என்று அவரை நிறுத்தியிருக்கிறார்கள். நேற்று இவர் இல்லாத நேரத்தில் பாக்கியராஜ் வாசலில் வந்து நின்றார். "அம்மா, ரெண்டு ஊசியும் நான் மேலதான் போட்டேன். மருந்துல ஒண்ணும் இல்லம்மா. புள்ளைங்கள வச்சிக்கினு நான் எங்க போவேன்? மூணாவது ஊசி எந்த எடத்துல போட்டாங்க, நீங்களே சொல்லுங்க" என்றார். நான் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

நீ குத்தினதும், கட்டைவிரல் வரைக்கும் ஷாக் அடித்தது என்று துள்ளினாரே, அது என் கண்ணிலேயே நிற்கிறது. அவர் அதை மருந்தின் கோளாறு என்று நினைக்கிறார். அப்படியே நினைக்கட்டும். அப்பா போன பிறகு உன்னைப் படிக்க வைக்கிறவர் அவர். எதையாவது எழுதித் தொலைக்காதே.

அக்கா


சென்னை
8-2-1966

அக்கா,

எழுதாமல் இருக்க முடியவில்லை. இந்த வாரம் எங்களுக்குப் பிணத்தின் காலை அறுத்துப் பார்க்கிற பாடம். மேஜைமேல் கிடந்தவரின் பிட்டத்துச் சதையை நானே விலக்கினேன். உள்ளே சுண்டுவிரல் தடிமனுக்கு ஒரு வெள்ளை நரம்பு. இடுப்பெலும்புக்குள்ளிருந்து வெளியே வந்து, பிட்டத்தின் கீழ்ப்பாதி வழியாகத் தொடையின் பின்பக்கம் இறங்கி, முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கெண்டைக்காலுக்கும் உள்ளங்காலுக்கும் போகிறது. இன்னொன்று முழங்காலுக்குக் கீழே வெளிப்புற எலும்பைச் சுற்றிக்கொண்டு முன்னால் வருகிறது. பாதத்தைத் தூக்குவது அதுதான். புறங்காலுக்கு உணர்ச்சி தருவதும் அதுதான். முழங்காலை நீட்டுகிற நரம்பு தொடையின் முன்பக்கமாக வருகிறது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. மருந்து கெட்டிருந்தால் இப்படி ஒரே நரம்பைத் தேடிப் பிடிக்காது.

ஊசியைப் பிட்டத்தின் மேலே, வெளிப்பக்கமாகப் போட வேண்டும். பாக்கியராஜ் அப்படித்தான் போட்டிருக்கிறார். அன்றைக்கு அத்திம்பேர் குளித்து, மடியாகப் பஞ்சகச்சம் கட்டிவிட்டிருந்தார். "கட்டினதை அவுக்கமாட்டேன், இப்படியே போடுடா" என்றார். நான் துணியைக் கீழிருந்து தூக்கிப் பிடித்து, கண்ணுக்குத் தெரிந்த கீழ்ப்பகுதியில் குத்தினேன். எனக்கு ஊசி போடத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

நரம்பு மாதத்துக்கு ஓர் அங்குலம் வளரும் என்கிறார் எங்கள் வாத்தியார். பாதம் சரியாகலாம், ஆகாமலும் போகலாம். அவருக்கு நேராக எழுத எனக்குத் தைரியம் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் நீ இதைப் படித்துக் காட்டு.

பாஷ்யம்


திருவள்ளூர்
13-2-1966

பாஷ்யம்,

உன் கடிதம் வியாழக்கிழமை காலையிலேயே வந்துவிட்டது. நான் படித்துக் காட்டவில்லை. புடவைகளுக்கு அடியில் வைத்துப் பெட்டியை மூடினேன். "டாக்டருக்குப் படிக்கிறவன்தானே, போடு" என்று ஊசியை உன் கையில் கொடுத்தவள் நான். அதை நீ எழுதவில்லை. எழுதியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை இவர் விசாரணையில் மருந்து கெட்டது என்று சொல்லிவிட்டு வந்தார். பாக்கியராஜை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். நேற்றுக் காலை குடும்பத்தோடு கும்மிடிப்பூண்டி பஸ் ஏறிவிட்டாராம். அதற்கு அப்பால் ஆரம்பாக்கத்தில் அவருடைய மாமனார் வீடு இருக்கிறது. பால் ஊற்றுகிற கங்கம்மாதான் சொன்னாள்: "அந்தம்மா அழுதுகினே போச்சு, சாமானெல்லாம் பாதி இங்கயே கெடக்குது." அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. இன்று காலை அவர் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன்.

கடைசி வரை கேட்டார். உன்மேல் கோபப்படவில்லை. "சின்னப் பையன். அவுக்கமாட்டேன்னு சொன்னது நான்தானே" என்றார். பிறகு உறையை வாங்கித் தபால் முத்திரையைப் பார்த்தார். "என்னிக்கு வந்தது?" என்றார். வியாழக்கிழமை என்றேன்.

கழியை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஆரம்பாக்கம் போய்ப் பாக்கியராஜை அழைத்து வரப்போவதாகக் கங்கம்மாவிடம்தான் சொன்னார். நானும் வருகிறேன் என்று வாசல் வரை ஓடினேன். பாதத்தை இழுத்து இழுத்துத் தெரு முழுக்க நடந்தார். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில், எதிர்வீட்டுக்குப் போனாலும் என்னிடம் "போயிட்டு வரேன்" என்று சொல்லாமல் அவர் படி இறங்கினதில்லை. இன்று சொல்லவில்லை.

ஹேமாம்புஜம்