வெள்ளிக்கிழமை ஒன்றரை மணி

தம்பிக்கு ஸலாம்.

நம் மசாலைக் கடையின் பழைய எண்ணை என் மகள் ஹுஸ்னா இணையத் தொலைபேசிக்கு மாற்றிவிட்டாள். அதே எண்தான், இப்போது என் கைப்பேசியில் அடிக்கிறது. வேண்டாமென்று இரண்டு மாதம் அவளோடு சண்டை போட்டேன்.

நேற்று, நான் எடுக்காத அழைப்புகளின் பட்டியலைக் காட்டினாள்.

"அத்தா, ஈப்போ ஊரு நம்பர் ஒண்ணு வெள்ளிக்கிழமையானா ஒன்றரைக்கு அடிக்குது லா. ஜும்ஆவுக்குக் கடை சாத்தியிருக்கும்னு தெரியாத ஆளா?"

தெரிந்த ஆள்தான். இருபது வருடம் என்னோடு அந்தக் கடையைச் சாத்திவிட்டுத் தொழப் போன ஆள். எடுக்க யாருமில்லாத நேரம் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறாய். பழைய போன் இதையெல்லாம் காட்டாது. சண்டை போட்டுக்கொண்டு நீ ஈப்போவுக்குப் போன இந்த ஆறு வருடமாக, என்னை மறந்துவிட்டாய் என்றே நினைத்திருந்தேன். நேற்று நன்றாகத் தூங்கினேன்.

தவறு உன்னுடையதுதான், அதில் மாற்றமில்லை. நானாகக் கூப்பிட மாட்டேன். வரும் வெள்ளி பன்னிரண்டு மணிக்குக் கூப்பிடு, எடுப்பேன். என்ன பேசுவதென்று தெரியாவிட்டால் பரவாயில்லை. முதலில் நான் திட்டுகிறேன்.

உன் அண்ணன்