தகவல் கொடுத்தவர் கட்டத்தில் சித்தி

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் நன்றாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசுதான் பதினைந்து நாளாகப் புகைகிறது, காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் குடும்ப வரலாறு எழுதப் போகிறாயாமே, முன்னோர் விவரமெல்லாம் சித்தியிடம் கேட்டிருக்கிறாயாமே. அவளே ஃபோன் போட்டுச் சொன்னாள், குரலில் அத்தனை குழைவு. பெற்றவள் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது என் தங்கையிடம் போய்க் கேட்க உனக்கு எப்படி மனசு வந்தது?

அவளை முந்திக்கொண்டு நான் அனுப்பிவிட வேண்டும் என்று மறுநாளே பதிவு அலுவலகத்துக்குப் போனேன். வருஷம் சொன்னால்தான் பதிவேட்டை எடுப்பார்களாம், என் தாத்தாவுக்குக் கல்யாணம் நடந்த வருஷம் எனக்கு எங்கே தெரியும், என் அப்பா பிறந்த வருஷத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னால் போகச் சொன்னேன். எழுத்தர் முகத்தைச் சுளித்தார், நான் நகரவில்லை. ஐந்தாவது பதிவேட்டில் அகப்பட்டார் தாத்தா. தொழில், தையல்காரர் என்று இருக்கிறது. ஜவுளி வியாபாரி என்று இத்தனை வருஷம் உன் சித்தி ஊரெல்லாம் அளந்தாளே! பெஞ்சில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன், பக்கத்தில் இருந்தவர் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

அதோடு கிளம்பியிருக்கலாம். வந்தது வந்தோம், உன் பிறப்புப் பதிவையும் பார்த்துவிடலாமே என்று கேட்டேன், அதுதான் வினை. அப்பா பெயர் சரி, அம்மா என்ற இடத்தில் என் பெயர், அதுவும் சரி. கடைசியில் தகவல் கொடுத்தவர் என்ற கட்டத்தில் உன் சித்தியின் கையெழுத்து, பக்கத்தில் உறவு, தாய் என்று எழுதியிருக்கிறது. எனக்கு வயிறு எரிந்தது. எழுத்தரிடம் காட்டினால், அம்மா பேரு உங்க பேருதானே இருக்கு, இதுல என்ன வந்துடப்போகுது என்கிறார். அவருக்கு என்ன தெரியும்.

நேரே அவள் வீட்டுக்குப் போனேன், துணி மடித்துக்கொண்டிருந்தாள். நீ பிறந்ததும் எனக்கு ஜன்னி கண்டு இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்ததும், அப்பா என் கட்டிலை விட்டு அசையாமல் இருந்ததும், உன்னை அவள் வைத்திருந்ததும் உனக்குத் தெரிந்ததுதான். பதிவு செய்யக் கெடு முடிகிறதே என்று உன்னைத் தூக்கிக்கொண்டு போனாளாம், வரிசையில் நீ வீறிட்டு அழுதாயாம், அங்கிருந்தவர் நீங்கதானே அம்மா என்று கேட்டாராம், இவள் தலையாட்டிவிட்டாளாம். ஏன்டி ஆட்டினே என்று கேட்டேன். நீ பிழைப்பேன்னு டாக்டரே சொல்லலையேக்கா, குழந்தையைக் கையில வச்சுக்கிட்டு இல்லைன்னு சொல்ல வாய் வரலை என்றாள். நான் ஒரு துணியை எடுத்து மடித்து வைத்தேன். ஆனால் பொறாமை போச்சா என்றால் போகவில்லை. நீ முதன்முதலில் முகம் பார்த்துச் சிரித்தது அந்த இரண்டு மாதத்துக்குள்தான், அவள் முகத்தைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறாய். எனக்கு அது இல்லையே என்று வீட்டுக்கு வந்து அழுதேன், அப்பா என்ன ஏது என்று பதறிப்போனார்.

அந்தத் தாய் என்பதைச் சித்தி என்று மாற்றக் கேட்கும் திருத்த மனு இதோடு இருக்கிறது. தகவல் கொடுத்தவரும், பதிவுக்குரிய பிள்ளையும் கையெழுத்துப் போட வேண்டுமாம். சித்தியிடம் நீட்டினேன், ஒரு வார்த்தை கேட்காமல் போட்டாள், பேனாவை மூடிக் கொடுத்து, உட்காருக்கா வெயில் தாழப் போகலாம் என்றாள். சண்டை போட்டிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். கீழே உன் இடம் காலியாக இருக்கிறது, போடு என்றும் சொல்ல மாட்டேன், போடாதே என்றும் சொல்ல மாட்டேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நீண்ட நாள் நன்றாக இருங்கள். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. மறக்காமல் ஒன்று செய், கையெழுத்துக்கு முன்னால் சித்தியிடம் பேசி, முதல்முதலில் நீ எப்படிச் சிரித்தாய் என்று கேள். நான் கேட்டேன் என்று சொல்லாதே. அவள் சொல்வதை ஒன்று விடாமல் எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா