வாப்பாவின் ஜாக்கெட்டில் வந்த குளிர்

நேற்று சூப்பர் மார்க்கெட்டில், உறைந்த மீன் வைத்திருக்கும் பெட்டியின் கதவை யாரோ மூடாமல் போயிருந்தார்கள். நனைந்த அட்டையும் மீனும் கலந்த குளிர் முகத்தில் பட்டதும் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்துவிட்டேன். அது உங்கள் வாசனை, வாப்பா.

ஷார்ஜாவில் நாம் இருந்த ஒற்றை அறை வீட்டின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, நீங்கள் டூட்டி முடிந்து வரும் நேரத்துக்கு நின்றிருப்பேன். கோல்டு ஸ்டோரில் உங்களோடு வேலை பார்த்தவர்கள் தடித்த ஜாக்கெட்டை அங்கேயே ஆணியில் மாட்டிவிட்டு வருவார்கள். நீங்கள் மட்டும் ஜூன் மாத வெயிலிலும் கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிட்டு, வேன் நிற்கும் இடத்திலிருந்து ஏறக்குறைய ஓடி வருவீர்கள்.

"வா மவளே, சீக்கிரம் வா, சூடாயிடும்!"

உங்கள் மார்பில் முகத்தைப் புதைப்பேன். துணிக்குள் கொஞ்சம் குளிர் மிச்சம் இருக்கும். பல்வலிக்காக ஜாக்கெட் பையில் போட்டு வைத்திருந்த கிராம்பின் வாசமும் இருக்கும்.

"இந்த மனுசனுக்குப் பித்துதான் புடிச்சிருக்கு. வேர்வையில குளிச்சிட்டு வாறாரு," என்பார் உம்மா.

"எம்மவளுக்கு நாந்தான் ஏசி. கரண்டு பில்லும் கெடையாது," என்பீர்கள்.

பிறகு நான் துபாயில் ஒரு டிராவல்ஸில் வேலைக்குச் சேர்ந்தேன். துருவப் பயணக் கப்பல்களின் புரோஷரை ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். அண்டார்டிகாவில் கப்பலை விட்டிறங்கி, பனியில் தாங்களே குழி தோண்டி, கூடாரம்கூட இல்லாமல் ஓர் இரவு அதில் உறங்குவார்கள் என்று படித்துச் சொன்னேன். நீங்கள் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்தீர்கள்.

"காசு குடுத்தா ஃப்ரீஸர்ல படுக்குறானுவ? எங்கிட்டச் சொல்லியிருந்தா சும்மாவே படுக்க வச்சிருப்பேனே! காலையில கதவையும் தொறந்து விட்டிருப்பேன்."

"பனிக்கரடி வந்தா?" என்றார் உம்மா, நான் மறுநாளே கிளம்புவதுபோல.

"அது வடக்கடி. தெக்க பென்குயின்தான். அதுக்கு இவளே பெரிய கரடி."

அந்த ஆண்டுதான் நீங்கள் வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு உங்களை அடக்கம் செய்ய எடுத்துப் போனார்கள். நானும் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன். "பொண்டுபுள்ளைக மையவாடிக்கு வாறதில்லம்மா. உம்மாகூட இரு," என்றார் மாமா. கடிந்து சொல்லவில்லை, அவரும் அழுதுகொண்டுதான் இருந்தார். ஆளுக்கு மூன்று பிடி மண் போட்டதாகத் திரும்பி வந்தவர்கள் சொன்னார்கள். அவர்கள் கால்களில் ஒட்டியிருந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கையில் ஒன்றும் இல்லை.

உம்மா ஊருக்குப் போய்விட்டார். நான் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் ஒரு கட்டிலை மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொண்டேன். அடுத்த ஆண்டு, பயணங்களை விற்பவர்கள் ஒரு முறையாவது பார்த்திருக்க வேண்டும் என்று கப்பல் நிறுவனம் எங்கள் அலுவலகத்துக்கு அண்டார்டிகாக் கப்பலில் இலவசமாக ஓர் இடம் கொடுத்தது. மற்றவர்களுக்கெல்லாம் பிள்ளைகுட்டி இருந்ததால் என் பெயர் வந்தது. உங்கள் ஜாக்கெட்டைத்தான் எடுத்துப் போனேன்.

கரையிறங்குவதற்கு முன் எல்லோருடைய உடைகளையும் வேக்யூம் வைத்துச் சுத்தம் செய்தார்கள். வேறு மண்ணும் விதையும் அந்த நிலத்தில் விழக் கூடாதாம். உங்கள் ஜாக்கெட் பையின் மூலையில் ஷார்ஜா மணலும் கிராம்புத் தூளும் இருந்தன. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்தக் குழாய் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டது.

எங்களைப் பனியில் இறக்கிவிட்டுக் கப்பல் விலகிப் போனது. வழிகாட்டிப் பெண் ஆளுக்கொரு மண்வாரியைக் கொடுத்தாள். காற்று நம்மைத் தொடாமல் மேலே போகிற அளவு ஆழம் போதும் என்றாள். நீளத்துக்குப் படுத்துப் பார்த்து, மறுபடி எழுந்து தோண்டினேன். குளிர் மைனஸ் ஐந்து என்றார்கள். உங்கள் ஃப்ரீஸர் கதவிலிருந்த பலகையில் மைனஸ் இருபத்தைந்து என்று இருக்கும். உலகத்தின் கடைசிக் குளிரைப் பார்க்க வந்தவர்களுக்கு நடுவில், உங்கள் தினசரி டூட்டியை எண்ணியபடி படுத்திருந்தேன். முழு இருட்டு வரவேயில்லை. எங்கோ பனிப்பாறை உடையும் சத்தம் கேட்டது. பக்கத்துக் குழியில் யாரோ குறட்டை விட்டார்கள். உங்களிடம் சொன்னால் சிரிப்பீர்களே என்று நினைத்தேன். சொல்ல ஆள் இல்லை.

காலையில் வழிகாட்டி வந்து, "குழிகளை மூடிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பென்குயின்கள் விழுந்தால் ஏறி வர முடியாது," என்றாள்.

நான் கையுறையைக் கழற்றினேன். வெறுங்கையால் ஒரு பிடி அள்ளிப் போட்டேன். பிறகு இன்னொன்று. மூன்றாவதைப் போட்டபோது விரல்கள் மரத்துப்போயிருந்தன.

"மண்வாரி இருக்கிறதே?" என்றாள் அவள்.

"தெரியும்," என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். மண்வாரியைப் பக்கத்தில் நட்டுவிட்டு, நான் மூடி முடிக்கும்வரை சற்றுத் தள்ளி முதுகைக் காட்டி நின்றாள். மூடியபின் நான் படுத்திருந்த இடம் எதுவென்று எனக்கே தெரியவில்லை.

துபாயில் இறங்கியபோது நவம்பர் வெயில். ஜாக்கெட்டைக் கழற்றாமல், ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு டாக்ஸியில் ஏறினேன். "பெஹன், கர்மி நஹீ லக்தி?" எனக்குப் புழுக்கமாக இல்லையா என்று கேட்டுச் சிரித்தார் டிரைவர். இத்தனை விமானம் மாறி வந்த துணியில் குளிர் ஏது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் தெருமுனையில் இறங்கியதும் வேகமாகத்தான் நடந்தேன், வாப்பா.

அறையில் யாரும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு, ஜாக்கெட்டைக் கழற்றி அதில் முகத்தைப் புதைத்தேன். சூடாகிவிட்டிருந்தது. கிராம்பு வாசம் மட்டும் அந்தக் குழாய்க்குத் தப்பியிருந்தது.