பாய்த்துணிக்கு அடியில் மைக்

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுறேன். இங்க நாங்க ரெண்டு பேரும் சுகம், படகும் மிதந்துக்கிட்டுதான் இருக்கு, அங்க நீயும் மாப்பிள்ளையும் வாண்டும் நோய் நொடி இல்லாம இருக்கணும். போன கடிதத்துல சொன்ன தீவை விட்டுட்டு இப்போ அடுத்த தீவுல நங்கூரம் போட்டிருக்கோம். வர்ற வழியில பேய்க் காத்து, பெரிய பாய்த்துணி கிழிஞ்சுபோச்சு, மறுநாளே தண்ணி பம்ப் மக்கர் பண்ணுச்சு. உங்க அப்பா பஸ் டிப்போவுல காலம் பூரா ஸ்பானர் பிடிச்ச கை, ஒண்ணை எழுப்பி உக்கார வச்சா இன்னொண்ணு படுத்துக்குது. ரிட்டயர் ஆன காசுல படகு வாங்கித் தீவு பாக்க வந்தோமா, தீவு தீவா போய் ரிப்பேர் பாக்க வந்தோமான்னே தெரியல. என் மூட்டு வலி தேவல.

இப்போ விஷயத்துக்கு வர்றேன், எழுதவே கை கூசுது. போன வாரம் பம்புக்கு ரப்பர் வளையம் வாங்க அப்பா சின்னப் படகுல கரைக்குப் போனாரு, நான் கிழிஞ்ச பாயை உள்ள இழுத்துப் போட்டுத் தைக்க உக்காந்தேன். தனியா வேலை செஞ்சா எனக்கு நானே பேசிக்குவேன், நீதான் எத்தனை தடவை கிண்டல் பண்ணியிருக்க. வாய் பாட்டுக்குப் பேசுது, கை பாட்டுக்குத் தைக்குது. அந்தத் துணி மடிப்புக்கு அடியில ரேடியோ மைக் கிடந்ததும், அதோட பட்டன் அமுங்கினதும் எனக்கெங்க தெரியும்? பட்டன் அமுங்கியிருக்கிற வரைக்கும் நான் பேசுறது அங்க நிக்கிற எல்லாப் படகுலயும் கேக்கும், போதும் நிறுத்துன்னு அவங்க கத்தினாலும் எனக்குக் கேக்காது. முதல்ல பக்கத்துல நிக்கிற மஞ்சள் படகுக்காரம்மா தினம் ஒரு தொப்பி போட்டுக்கிட்டு மினுக்குறதைப் பேசினேன். அதோட விட்டிருந்தா அவ கையைப் பிடிச்சு மன்னிப்பு கேட்டு முடிச்சிருப்பேன். அப்புறம் உங்க அப்பாவைப் பிடிச்சுக்கிட்டேன். பெரிய கேப்டனாம் கேப்டன், தினம் காலையில ரேடியோவுல ஊருக்கெல்லாம் காத்து எப்படி அலை எப்படின்னு சொல்றாரே, இந்த மனுஷனுக்கு நீச்சல் தெரியுமா, விழுந்தா அம்மிக்கல்லு மாதிரி உள்ள போவாரு, அன்னைக்குக் காத்துல கை எப்படி நடுங்குச்சுன்னு நான்ல பாத்தேன்னு எல்லாத்தையும் கொட்டிட்டேன்.

ஆமாம்மா, அப்பாவுக்கு நீச்சல் தெரியாது. நீ குட்டியா இருக்கும்போது குளத்துக்குள்ள நின்னுக்கிட்டு அப்பா வா, அப்பா வான்னு கூப்பிடுவ, அவர் ஓரத்துல செருப்பைக்கூடக் கழட்டாம நிப்பாரு, நீ மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவ, நான் அப்பாவுக்குச் சளிம்மான்னு சொல்லிச் சமாளிப்பேன். கல்யாணமான புதுசுல என்னை நம்பி என்கிட்ட மட்டும் சொன்னது அது. இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வச்சதை நானே ஒலிபரப்பிட்டேன். மஞ்சள் படகுக்காரர் துடுப்பு போட்டு வந்து எங்க படகைத் தட்டினாரு, என் முகத்தைப் பாக்காமலே அக்கா மைக் எங்கயோ மாட்டியிருக்கு போல, பாருங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. எனக்கு உயிரே போச்சு. அப்பா கரையில இருந்தாரே, கேட்டிருக்க மாட்டாருன்னு ஒரு நப்பாசை. வளையம் வாங்கப் போன அந்தச் சாமான் கடையிலயும் இதே படகு ரேடியோ ஓடுமாமே! கடைக்காரர் சத்தத்தைக் குறைச்சிட்டு, கையிலயே வளையத்தை வச்சுக்கிட்டு டப்பாவுல ரொம்ப நேரம் தேடுற மாதிரி குனிஞ்சே இருந்தாராம். அப்பா இதை வேற யாருக்கோ நடந்த மாதிரி சொன்னாரு. என்னை ஒரு வார்த்தை திட்டல. வளையத்தைப் போட்டு பம்பைப் பூட்டினாரு, சுவர்ல உசரமா ஒரு கொக்கி அடிச்சு மைக்கை அதுல மாட்டினாரு, போட்டதைச் சாப்பிட்டாரு. நாலு வார்த்தை திட்டியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும்.

மறுநாள் காலையில எல்லாரும் காத்து நிலவரத்துக்குக் காத்திருந்தாங்க, அவர் ரேடியோ பக்கமே போகல. அப்புறம் ஒருநாள், படகை வித்துடலாம், உனக்கும் மூட்டு முடியல, சின்னவ ஊருக்கே போயிடலாம்னாரு. பழி என் மூட்டு மேல! நீயும் கரைக்கு வாங்க வாங்கன்னு கெஞ்சிக்கிட்டே இருக்கிறவ, அவர் போன் பண்ணினா சந்தோஷத்துல சரின்னுடாதே. இப்படித் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு அவர் கரையேறக் கூடாது. நேத்து நான் மைக்கை எடுத்து, இந்தத் தடவை தெரிஞ்சே அமுக்கி, எல்லாரும் கேளுங்க, எனக்கு நல்லா நீச்சல் தெரியும், ஆனாலும் அந்தக் காத்துல சுக்கானைப் பிடிக்கப் பயந்து உள்ள ஒளிஞ்சேன், நீச்சல் தெரியாத மனுஷன்தான் நடுங்கிக்கிட்டே விடாம பிடிச்சாரு, என் வாய்க்கொழுப்பை மன்னிச்சிடுங்கன்னு சொன்னேன். மைக்கைத் திரும்பக் கொக்கியில மாட்டிட்டேன். அப்பா மேல்தளத்துல ஏதோ கயித்தை முடிஞ்சுக்கிட்டு இருந்தாரு.

இன்னைக்கு விடிஞ்சதும் பாத்தா, மிதவைச் சட்டை போட்டு, அதுக்கு மேல இடுப்புல கயித்தையும் கட்டிக்கிட்டு ஏணிகிட்ட நிக்கிறாரு. மறுமுனையை என் கையில குடுத்து, இதைக் கெட்டியா பிடி, வாயை மட்டும் கொஞ்சம் மூடிக்கோன்னாரு. ஒவ்வொரு படியா இறங்கிக் கடைசிப் படியில கழுத்தளவு தண்ணியில நின்னாரு. தினம் அந்த நேரத்துல மேல்தளத்துக்கு வந்து நிக்கிற பக்கத்துப் படகுக்காரங்க ஒருத்தர்கூட வெளிய தலைகாட்டல, நல்ல சனங்க. அப்பாவுக்குப் பல்லு தந்தியடிக்குது. அப்படியே என்னை நிமிர்ந்து பாத்து, சின்னவளுக்கு எழுது, அன்னைக்கு அவ கூப்பிட்டப்போ எனக்குச் சளி இல்லைன்னு எழுதுன்னாரு. அதான் எழுதிட்டேன்.

விக்கிறதைப் பத்தி அதுக்கப்புறம் வாயைத் திறக்கல. லீவுக்கு வாண்டைக் கூட்டிக்கிட்டு வா, தண்ணியில நின்னு அப்பாவை இன்னொரு தடவை கூப்பிடு. மாப்பிள்ளையைக் கேட்டதா சொல்லு, வேளாவேளைக்குச் சாப்பிடு, தலை ஈரத்தோட தூங்காதே. நீங்க மூணு பேரும் எங்க இருந்தாலும் ஒரு குறையும் இல்லாம நல்லா இருங்க.

வாயைக் கட்டப் பழகிக்கிட்டிருக்கிற
உன் அம்மா