இரண்டு மில்லுக்கு ஒரு கை

புரட்டாசி 20, திங்கள். விழுப்புரம்.

காலையிலேயே புழுக்கம். மேற்கே கறுத்த மேகம். மில் வாசலில் மல்லாட்டை வண்டிகள், ரோடு வரைக்கும். தராசு சும்மா நிற்கிறது. கோவிந்தன் இன்னும் வரவில்லை.

தங்கை மகன் என்பதற்காக நான் இதில் பங்கு போடவில்லை. திண்டிவனத்தில் மல்லாட்டை உடைத்து வேர்க்கடலைப் பருப்பு எடுக்கும் மில்லைத் தனி ஆளாக நிமிர்த்தியவன் என்றுதான் போட்டேன். தினமும் முதல் மூட்டையை அவன் தன் கையால் தூக்கித் தராசில் வைப்பான். அதுதான் போணி. அதன் பிறகே மற்ற மூட்டைகள். கைராசிக்காரர் என்று ஊரெல்லாம் பேர். ஒரு மில் இருந்தவரை யாருக்கும் இடைஞ்சல் இல்லை. விழுப்புரத்தில் இரண்டாவதைத் திறந்தோம். இப்போது திண்டிவனத்தில் போணி செய்துவிட்டு, பஸ் பிடித்து, இங்கே வந்து சேர்வதற்குள் வெயில் ஏறிவிடுகிறது.

காணை கிராமத்து விவசாயி ஒருவர், மாட்டைத் தட்டிக்கொண்டே: "இன்னாய்யா, மல்லாட்டை வாங்கறீங்களா, இல்ல மாப்பிள்ள ஊர்வலத்துக்குக் காத்துக்கினு இருக்கீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். தராசு பார்க்கும் வீராசாமி மட்டும் சிரிக்கவில்லை. அருகில் வந்து மெதுவாக, "ஐயா, நீங்களும் பங்குக்காரர்தானே. ஒரு மூட்டைய வச்சிடுங்க. ஜல்தியா எறக்கிடலாம்" என்றான்.

"கோவிந்தன் வரட்டும்" என்றேன்.

அவன் வருவதற்குள் சில வண்டிகள் எதிர் மண்டிக்குப் போய்விட்டன. போகும்போது ஒருவன் எனக்குக் கும்பிடு வேறு போட்டான்.

வாங்க வேண்டியவை: வெற்றிலை. பேனா மை. இருமலுக்குச் சித்தரத்தை.

புரட்டாசி 21, செவ்வாய். திண்டிவனம்.

தூறல். குடைக் கம்பி ஒன்று முறிந்துவிட்டது. கோவிந்தனிடம் பேசுவதற்கென்றே வந்தேன். பஸ்ஸில் யோசித்து வைத்தவை:

கைராசி தினமும் பஸ் ஏறி வர முடியாது.

வீராசாமியை நம்பிச் சாவி கொடுத்தாய். மூட்டையையும் கொடு.

நீ இல்லாத நாளிலும் ஓடினால்தான் அது இரண்டாவது மில். இப்போது மில் ஓடவில்லை, நீதான் ஓடுகிறாய்.

விக்கிரவாண்டியில் மூன்றாவதற்கு இடம் பார்ப்பதை நிறுத்து.

சொன்னது: "உடம்பைப் பார்த்துக்கோ."

இன்னொரு பங்குக்காரர் ரங்கசாமியும் வந்திருந்தார். அவருக்கு இந்தச் சங்கடமெல்லாம் கிடையாது. "அடமழைக்குள்ள அந்த மில்லு நிமிரலன்னா என் பங்கப் பிரிச்சிக் குடுத்துடு கோவிந்தா. ரெண்டு ஊர்ல பேஜாரு எனக்கு வேணாம்." அவர் பிரிந்தால் இரண்டு மில்லும் படுத்துவிடும். அது மூன்று பேருக்கும் தெரியும்.

"இந்த சீசன் மட்டும் பாருங்கண்ணே. நான் பாத்துக்கறேன்."

எல்லாவற்றுக்கும் கோவிந்தனிடம் இதே பதில்தான். கண்கள் சிவந்து கிடக்கின்றன. உட்கார்ந்தபடியே தூங்குகிறானாம், அவன் மனைவி சொன்னாள்.

ரங்கசாமி என் பக்கம் திரும்பினார். "நீங்க இன்னா சொல்றீங்க பெரியவரே? அத்தினி வருசம் கோர்ட்டுல இருந்தீங்களே?"

"பார்க்கலாம்" என்றேன். கோர்ட்டில் இருந்தேன், வாஸ்தவம். மற்றவர் சொன்ன தீர்ப்பை எழுதிக்கொண்டிருந்தேன்.

நேற்று வீராசாமி சொன்னபோது ஏன் தூக்கவில்லை? வயது காரணம் அல்ல. நான் கை வைத்த சோப்புக் கம்பெனி ஒரே வருடத்தில் மூடியது. என் மனைவி மீனாட்சி இறந்த பிறகு கல்யாண வீடுகளில் நானாகவே பின்வரிசைக்குப் போய்விடுகிறேன். இந்தக் கை பட்டு ஏதாவது ஆகிவிட்டால்? படித்தவன் நினைக்கக்கூடிய நினைப்பா இது? ஆனாலும் நினைக்கிறேன்.

புரட்டாசி 22, புதன். விழுப்புரம்.

விடியும்போதே இருட்டு. காற்று. வண்டிகள் நிறைய. விக்கிரவாண்டியில் லாரி கவிழ்ந்து ரோடு அடைத்துக் கிடப்பதாக ஒரு கண்டக்டர் சொல்லிவிட்டுப் போனார். கோவிந்தன் அதற்கு அந்தப்பக்கம் மாட்டியிருக்க வேண்டும்.

திங்களன்று வந்த காணைக்காரர் மறுபடியும் வந்திருந்தார். இன்று கேலி இல்லை. "சாமி, நனைஞ்சா இத எவன் வாங்குவான்? நீ வாங்குவியா? எதுத்த மண்டியிலும் எடமில்லன்ட்டான். சொல்லு, எறக்கட்டுமா?"

முதல் துளி என் கண்ணாடியில் விழுந்தது. துடைத்தேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போய் மூட்டையைப் பிடித்தேன். அசையவில்லை. மறுபடியும் பிடித்தேன். வீராசாமி ஓடிவந்து மறு முனையைத் தூக்கினான். சூடம் ஏற்றலாமென்றால் தீப்பெட்டி நமத்துப் போயிருந்தது. "சாமி கோச்சுக்காது, வைங்கய்யா!" என்று யாரோ கத்தினார்கள். வைத்தோம்.

பிறகு ஒரே ஓட்டம். முக்கால்வாசி மூட்டைகள் கொட்டகைக்குள் வந்த பின்புதான் பெருமழை பிடித்தது. கடைசி இரண்டு வண்டி நனைந்தது. என் கையாலா, மழையாலா என்று ஒரு கணம் யோசித்தேன். முதல் மூட்டையைத் திறந்து சில காய்களை உடைத்துக்கூடப் பார்த்தேன். சாதாரண மல்லாட்டை.

கோவிந்தன் மத்தியானத்துக்கு மேல் வந்தான், தொப்பலாக. பாதி தூரம் நடை. நிறைந்த கொட்டகையைப் பார்த்தான். காலித் தராசைப் பார்த்தான்.

"யாரு போணி பண்ணது?"

"நான்தான்."

கோபிப்பான் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டே, "அப்ப நான் எதுக்கு மாமா இவ்ளோ தூரம் நனைஞ்சிக்கினு வந்தேன்?" என்றான்.

கம்பி முறிந்த என் குடையை அவனிடம் நீட்டினேன்.

ராத்திரி என் வீட்டில் தங்கினான். ரசமும் அப்பளமும். ரசம் நன்றாயிருக்கிறது என்று மட்டும் சொன்னான்.

புரட்டாசி 23, வியாழன். விழுப்புரம்.

வானம் வெளிவாங்கியிருக்கிறது. முதுகு பிடிப்பு. தைலம் தடவியும் குனிய முடியவில்லை.

காப்பி குடிக்கும்போது கோவிந்தன் கடிகாரத்தையே பார்த்தான். "திண்டிவனத்துல வண்டிங்க நின்னுக்கினு இருக்கும்." நான் இன்னொரு டம்ளர் ஊற்றினேன்.

மில்லுக்குப் போனோம். "மொதலாளி வந்துட்டாரு, வழி விடுங்கப்பா!" தராசுக்கு அருகே போன கோவிந்தன் நின்றுவிட்டான். என்னைப் பார்த்து, "நேத்து மாதிரி நீங்களே வைங்க மாமா" என்றான். குத்தலா, மரியாதையா, தெரியவில்லை.

"எனக்கு முதுகு பிடிச்சிருக்கு. வீராசாமி வைக்கட்டும்."

வீராசாமி கோவிந்தனைப் பார்த்தான். கோவிந்தன் ரோட்டைப் பார்த்தான். வீராசாமி உள்ளங்கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு மூட்டையைத் தூக்கினான். கோவிந்தனின் கை தானாகப் பாதி தூரம் நீண்டது. பிறகு மடங்கியது. மூட்டை தராசில் உட்கார்ந்தது.

கொஞ்சம் பொறுத்து என்னிடம் வந்தான்.

"திண்டிவனத்துக்கு அடுத்த பஸ்ஸு எப்ப மாமா?"

"மத்தியானம்தான்" என்றேன். அரைமணிக்கு ஒன்று இருக்கிறது. தினமும் போய்வருகிறவனுக்குத் தெரியாதா?

"சரி மாமா" என்று மூட்டை மேல் உட்கார்ந்தான்.