அண்ணன் ஒட்டிய படகு

அண்ணா,

கள்ளக்குறிச்சியில் என் மகள் வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டுவிட்டது. ஒட்டுப் போட வந்தவர் ஒரு டப்பாவைத் திறந்தார். ரெசின் வாசனை படிக்கட்டு வழியாக இறங்கி, நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்த இடத்துக்கு வந்தது. மூக்கின் உள்ளே ஏறி மண்டையைப் பிடிக்கும் அந்த வாடை உனக்குத் தெரியும். கையிலிருந்த கீரையை முறத்தில் போட்டுவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டேன். மகள் ஓடி வந்து, "இன்னாம்மா, மயக்கமா வருது?" என்று கேட்டாள். மயக்கமில்லை. நீ வந்தாய், அவ்வளவுதான்.

நீ செத்து ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. உன்னைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாம், தங்கமான மனுஷன், அதிர்ந்து பேசமாட்டார் என்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருகிறது. அவர்கள் பார்த்தது பிற்காலத்து உன்னை. என் கணவன் இறந்து, கைக்குழந்தையோடு நான் உன் வீட்டில் வந்து ஒண்டியபோது நீ எப்படி இருந்தாய் என்று எனக்கல்லவா தெரியும். சோற்றில் கல் இருந்தால் தட்டு வாசலில் போய் விழும். கடலூர்த் துறைமுகத்தில் படகு கட்டும் பட்டறையில் மேஸ்திரியின் பல்லை உடைத்துவிட்டுத்தானே வேலையை விட்டு வந்தாய்? வரும்போது உன்னோடு வந்தது அந்தத் தொழில் ஒன்றுதான்.

மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில், கரும்பும் நெல்லுமாக இருக்கிற ஊரில் படகுத் தொழிலுக்கு என்ன வேலை? ஆனாலும் ஒருநாள் கரும்பு டிரெய்லரில் அந்தப் பழைய ஃபைபர் படகைப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினாய். கல்வராயன் மலை அடிவாரத்து அணையில் ஒரு காலத்தில் ஓடியது. பிறகு கரையில் கவிழ்ந்து கிடந்து, கைமாறி, திருக்கோவிலூரில் ஒரு பழைய இரும்புக் கடைக்கு வந்து சேர்ந்தது. அடியில் என் தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை. எஞ்சின் மாட்டும் பின்பலகை ஊறி, விரல் வைத்தால் புட்டு மாதிரி உதிர்ந்தது. ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. உன் கூட்டாளி ஏழுமலை அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "இன்னாடா, நெல்லு வயல்ல ஓட்டப் போறியா?" என்று கேட்டான். அவனைத் தவிர வேறு யார் கேட்டிருந்தாலும் அடி விழுந்திருக்கும். அவனை நீ கீழே தள்ளிவிட்டுச் சிரித்தாய்.

"ஆத்துல தண்ணி வந்தா தரைப்பாலம் முழுவிப் பூடுது. அப்ப அக்கரைக்கு எதுல போவீங்க? என்னாண்டதான் வந்து நிக்கணும்" என்றாய்.

ஆற்றுப்பக்கம் கடைசி வீடு நம்முடையது. பின்புறத்து மாட்டுக் கொட்டகையை ஒழித்துப் படகைக் கவிழ்த்தாய். உளுத்த இடத்தையெல்லாம் அறுத்து எறிந்தாய். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது கண்ணாடித் தூள் பறந்து உடம்பெல்லாம் அரிக்கும். தேங்காய் எண்ணெய் தடவினாலும் அடங்காது. சொறியச் சொறிய ரத்தம் வரும். கண்ணாடி நார்ப் பாயைக் கத்தரித்து ஓட்டையில் விரித்து, ரெசினைத் தடவி, காற்றுக் குமிழி இல்லாமல் குத்திக் குத்தி ஒட்டுவாய். ரெசின் கலக்கித் தருவது என் வேலை. கெட்டிப்படுத்தும் மருந்து கொஞ்சம் ஜாஸ்தியானாலும் டப்பாவே கொதித்துப் புகையும். முதல் தடவை அப்படி ஆனபோது டப்பாவை நீ சுவரில் விட்டெறிந்தாய். "இனிமே நீயே கலக்கிக்க" என்று நானும் குச்சியை உன் மேல் எறிந்தேன். நீ குனிந்து அந்தக் குச்சியை எடுத்துக்கொண்டு, "உனுக்கும் என் ரத்தம்தான்டி" என்றாய். அதற்குப் பிறகு என்னிடம் எதையும் நீ எறிந்ததில்லை.

பின்பலகைக்குப் புதுப் பலகை வைத்து, ஒட்டி முடித்து, மண்ணெண்ணெயில் ஓடும் பழைய எஞ்சின் ஒன்றைத் தண்ணீர்ப் பீப்பாயில் இறக்கி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில்தான் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நம் ஊருக்கு வந்தது.

நீ அதில் முன்னால் நின்றாய். அதை நான் மறைத்து எழுதப் போவதில்லை, நீயும் மறைத்ததில்லை. நம் ஆட்களில் படித்தவன் எத்தனை பேர், ஆபீஸில் உட்கார்ந்தவன் எத்தனை பேர் என்று நீ கேட்ட கேள்வி சரியான கேள்வி. மறியல் அன்றைக்குக் காலையில் நீயும் ஏழுமலையும் ஆளுக்கொரு பக்கம் ரம்பத்தைப் பிடித்துச் சாலைப் புளியமரத்தை அறுத்ததை நான் பார்த்தேன். மரம் மளமளவென்று சாய்ந்து தார் ரோட்டை அடைத்தது. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பஸ் இல்லை. பாலைக் கொட்டினார்கள். ஒரு லாரியைக் கவிழ்த்தார்கள். வீட்டுக்கு வந்த உன் உடம்பெல்லாம் மரத்தூள், கண் ஜொலித்தது. உன்னை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

பிறகு எங்கேயோ போலீஸ் சுட்டது, நம் ஆட்கள் செத்துப்போனார்கள் என்று செய்தி வந்தது. ஊரே கொதித்தது. தாய்மார்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். திருப்பி அடிக்க அங்கே போலீஸ் யாரும் இல்லை. காலனிக்காரர்கள் மட்டும்தான் இருந்தார்கள். அவர்கள் மறியலுக்கு வரவில்லையாம். மரத்தைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார்களாம். அதுதான் அவர்கள் செய்த குற்றம்.

மத்தியானச் சோறு தின்றுகொண்டிருந்தாய். மகளை மறியலுக்கு முன்பே அவள் அப்பா ஊரில் விட்டிருந்தேன். வீட்டில் நாம் இருவர்தான். முதலில் புகை வந்தது. பிறகு சத்தம். என்னோடு நாற்று நடுகிற அஞ்சலை கொல்லைப்படலைத் தள்ளிக்கொண்டு வந்து விழுந்தாள். தலைமுடி ஒரு பக்கம் கருகியிருந்தது.

"எல்லா வூட்டையும் கொளுத்திட்டாங்க. ஆம்பளைங்கள வெட்டறாங்க. புள்ளைங்கள இட்டுக்கினு ஆத்தாண்ட ஓடியாந்துட்டோம். தண்ணி போவுதுங்க, எறங்க முடியல. ஏழுமலைதாங்க முன்னால வரான்!"

நீ கையைக் கழுவக்கூட இல்லை. எழுந்தாய். தெருவுக்குப் போய்ச் சண்டை போடப் போகிறாய் என்று நினைத்து உன் வேட்டியைப் பிடித்தேன். நீ தெருப்பக்கம் போகவில்லை, கொட்டகைக்குப் போனாய்.

"புடிடி அந்தப் பக்கம்" என்றாய்.

எஞ்சின் மாட்டிய படகு கட்டை வண்டி மேல் இருந்தது. நீயும் நானும் அஞ்சலையும் சேர்ந்து சரிவில் தள்ளினோம். சாத்தனூர் அணை திறந்து பெண்ணை இரு கரையும் புரண்டு போய்க்கொண்டிருந்தது. தரைப்பாலம் இருந்த இடமே தெரியவில்லை. கரையோரத்தில் பெண்களும் பிள்ளைகளும் கிழவர்களும் இடுப்பளவு தண்ணீரில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பின்னால் கரும்புக்கு மேலே ஓலை எரிந்து கங்கு பறந்து வந்து தண்ணீரில் விழுந்தது.

எஞ்சின் கயிற்றை இழுத்தாய். பிடிக்கவில்லை. மறுபடியும் இழுத்தாய். எஞ்சினை, அதைச் செய்தவனை, ஏழுமலையின் வம்சத்தை எல்லாம் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே இழுத்தாய். பிடித்துக்கொண்டது. அந்தப் பின்பலகை தாங்குமா என்று நம் இருவருக்குமே தெரியாது. ஒட்டிய பிறகு அது ஆற்றையே பார்த்ததில்லை. முதலில் பிள்ளைகளை ஏற்றினோம். படகு நடு ஆற்றில் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனபோது கரையில் நின்ற தாய்கள் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. அக்கரையில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்தாய். மறுபடி ஏற்றினாய். மறுபடி வந்தாய்.

கடைசிச் சுமையில் அஞ்சலையும் அவள் மாமனாரும் இன்னும் சில பெண்களும் ஏறிக்கொண்டிருந்தபோது கொளுத்தியவர்கள் கரும்பைப் பிளந்துகொண்டு வந்துவிட்டார்கள். நாம் கல்யாணத்தில் பந்தி பரிமாறிய ஆட்கள். ஏழுமலையின் கையில் கரும்பு வெட்டும் கத்தி.

"எவனுக்குடா படகு ஓட்ற? நம்மாளு செத்துக் கெடக்கறான், நீ இவனுங்களத் தூக்கினு போறியா?"

"செத்தவனுக்கு இவனுங்க இன்னாடா பண்ணாங்க? வுட்று, ஏழுமல!"

"எறக்குடா!"

அவன் தண்ணீரில் இறங்கிப் படகின் விளிம்பைப் பிடித்தான். நீயும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காலால் அவன் மார்பில் உதைத்தாய். கத்தி இறங்கியது. உன் இடது கையில் இரண்டு விரல்கள் படகுக்குள் விழுந்தன. நீ விரல் போன கையைப் பார்த்துக்கொண்டே நின்றாய். கரையிலிருந்து கல் வந்தது. அஞ்சலையின் மாமனார் பொட்டில் பட்டு, உட்கார்ந்தபடியே அவள் மடியில் சாய்ந்தார். ஏழுமலை மறுபடியும் கத்தியை ஓங்கினான்.

நான் படகில் கிடந்த துடுப்பை எடுத்து அவன் முகத்தில் அடித்தேன். மூக்கு எலும்பு உடைந்தது மரத்தின் வழியாக என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. அவன் பிடியை விட்டான். தண்ணீரில் ரத்தம் கலங்கியது. இன்னொரு முறை அடித்தேன். பிறகு ஏறிக்கொண்டேன். நீ நல்ல கையால் எஞ்சினைத் திருப்பினாய். பின்பலகை கிறீச்சிட்டது, ஆனால் விடவில்லை. கிழவர் நடு ஆற்றிலேயே போய்விட்டார். அக்கரை போய்ச் சேரும்வரை அஞ்சலை அழாமல் அவர் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் உன் கைக்குத் தையல் போட்டு, கட்டோடு நாம் திரும்பியபோது ஆறு வடிந்திருந்தது. படகை விட்டுப்போன இடத்தில் ஒரு கருப்புக் குவியல் கிடந்தது. யாரோ மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிட்டார்கள். ரெசின் உருகி மணலோடு சேர்ந்து பாறை மாதிரி இறுகியிருந்தது. எஞ்சின் இரும்பு மட்டும் மிச்சம். இப்போது யார் வீடு பற்றி எரியப்போகிறதோ என்று உன் முகத்தைப் பார்த்தேன். நீ மணலில் உட்கார்ந்தாய். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாய். எழுந்தபோது, "வா, ஊட்டுக்குப் போலாம்" என்று மட்டும் சொன்னாய். உன் கோபம் அந்த மணலிலேயே தங்கிவிட்டது. அதற்குப் பிறகு நீ குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை.

பிறகு மரம் வெட்டிய வழக்கில் உன்னையும் ஏழுமலையையும் ஒரே வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வெட்டினேன் என்று நீ ஒப்புக்கொண்டாய். காலனியைக் கொளுத்திய வழக்கு நடந்து நடந்து, சாட்சி மாறி, ஒன்றுமில்லாமல் போனது. நீயும் நானும் அஞ்சலையும் மாறவில்லை. நாம் மூவர் போதவில்லை. ஊரில் நமக்கு யாரும் நெருப்புக்குச்சிகூடத் தரவில்லை. நல்லது கெட்டது எதற்கும் கூப்பிடவில்லை. நாளாக ஆக அதுவும் தளர்ந்தது. இட ஒதுக்கீடு வந்தது. அதில்தான் என் மகள் நர்சிங் படித்தாள். அவளுக்கு இடம் கிடைத்த அன்று உன்னிடம் கேட்டேன், இதை வாங்கிக்கொள்ளலாமா என்று. "கேட்டது நாயம்தான். கொளுத்துனதுதான் நாயமில்ல. ரெண்டையும் ஒண்ணாக் கட்டாத" என்றாய்.

ஏழுமலையோடு நீ பேச ஆரம்பித்தபோது நான் உனக்குச் சோறு போடவில்லை. நினைவிருக்கிறதா? டீக்கடையில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்து அடுப்பையே மூட்டவில்லை. நீ பட்டினியாகப் படுத்துக்கொண்டு, "வயசாயிடுச்சு. அவனுக்கும் தூக்கம் வர்லியாம்" என்றாய். வராமல் இருக்கட்டும் என்றேன்.

நீ செத்த அன்று அவன் மாலையோடு வந்தான். கோணிப்போன மூக்கோடு, குழந்தை மாதிரி அழுதான். பாடைக்குத் தோள் கொடுக்க முன்னால் வந்தான். தெருமுனையில் அஞ்சலையும் அவள் மகன்களும், அன்றைக்குப் படகில் குழந்தைகளாகப் போனவர்களும் நின்றிருந்தார்கள். அவர்களை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. நான் பாடையின் மூங்கிலைப் பிடித்துக்கொண்டேன்.

"மொதல்ல அவுங்க தோள் குடுக்கட்டும்" என்றேன்.

"அது நம்ம ஊரு வழக்கமில்லம்மா" என்றார் ஒரு பெரியவர்.

"அப்ப என் அண்ணன் இங்கியே கெடக்கட்டும்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் மூங்கிலை விடவில்லை. கடைசியில் அஞ்சலையின் மகன்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உன் தலைமாட்டில் குனிந்தார்கள். ஏழுமலை மாலையை உன் காலடியில் வைத்துவிட்டு ஒதுங்கினான். சுடுகாடு வரை கூட்டத்துக்குப் பின்னால் தனியாக நடந்தே போனானாம். தோள் மட்டும் கேட்கவில்லையாம்.

அவனை மன்னிக்க வேண்டும் என்று மகள் சொல்கிறாள். நீ மன்னித்துவிட்டாய், அது உன் இஷ்டம். எனக்கு இன்னும் வரவில்லை, அண்ணா. அஞ்சலையின் மாமனாரைக் கல்லால் அடித்தவன் யார் என்று இன்றுவரை ஒருவனும் சொல்லவில்லை. சொல்லும்வரை நான் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன். ஊருக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் அந்தத் தெருவில் நடுவாக நடந்து போகிறேன். என்னைப் பார்த்ததும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கிழவர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.