அஞ்சலையக்காவின் ‘சூப்பர்’

செவ்வாய்க்கிழமை

உப்பளத்துக்கு மழை எச்சரிக்கை தரும் ஆப்பின் நான்காவது மாதிரியை இன்று மரக்காணத்தில் அஞ்சலையக்காவிடம் காட்டினேன். உப்பு வாருவதை நிறுத்திவிட்டு, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார்.

"சூப்பரா இருக்குதும்மா. போன தடவையவிட எழுத்து பெருசா தெரியுது."

திரும்ப வாங்கிப் பார்த்தேன். சிக்னல் இல்லாமல் மாதிரி திறக்கவே இல்லை. வெறும் வெள்ளைத் திரை.

"அக்கா, இதுல ஒண்ணுமே வரலியே?"

அவர் சிரித்துவிட்டார். "இந்த வெயில்ல என்னிக்கும்மா தெரிஞ்சுது? நல்லா இல்லன்னு சொன்னா உன்னை வேலைய வுட்டு நிறுத்திடுவாங்களேன்னுதான்."

அப்படியானால் முதல் மாதிரியும் தெரிந்திருக்காது. நான் நிறத்தை மாற்றியது, பொத்தானை மேலே கொண்டுபோனது எல்லாமே அவருடைய ‘சூப்பர்’ஐ நம்பித்தான். நிஜமாகவே மழை வரும் அன்று இவர்கள் எதைப் பார்த்து உப்புக் குவியலை மூடுவார்கள்?

மாலையில் வீட்டுக்கு வந்து, வெயிலில் திரை தெரிவதில்லை என்ற குறிப்போடு மாதிரியை மேனேஜருக்கு அனுப்பினேன். அனுப்பிய நொடியே பதில் வந்தது: "சூப்பர்."

அதற்குள் எப்படித் திறந்து பார்த்திருக்க முடியும்? அஞ்சலையக்கா என் வேலைக்காகப் பயந்தார். இவர் யார் வேலைக்காகப் பயப்படுகிறார்?